பூங்காவில் நிழற்கூரை: பணம் கேட்பதற்கு முன் போட வேண்டிய கணக்கு

"எங்கள் பகுதிப் பொதுப் பூங்காவில் குழந்தைகள் விளையாடும் இடத்தில் பகல் முழுக்க வெயில். நிழற்கூரை கேட்டால் உள்ளாட்சி நிர்வாகம் பணம் இல்லை என்கிறது. யாரிடம் கேட்பது, எவ்வளவு கேட்பது?" என்று கேட்டிருக்கிறீர்கள். இதற்குள் மூன்று கேள்விகள் இருக்கின்றன. அந்த இடத்துக்கு உண்மையில் எவ்வளவு நிழல் தேவை? அது எத்தனை ஆண்டு நிற்க மொத்தம் என்ன செலவாகும்? அந்தச் செலவின் எந்தப் பகுதியை யார் கொடுப்பார்கள்? பெரும்பாலும் மூன்றாவது கேள்வியில் தொடங்கிவிடுகிறார்கள். அதனால்தான் பணம் கிடைத்த பிறகும் பல கூரைகளின் நிழல் மணற்குழிக்குப் பக்கத்துப் புல்வெளியில் விழுகிறது, அல்லது சில ஆண்டுகளில் துணி கிழிந்து கம்பம் மட்டும் மிஞ்சுகிறது. கேட்க வேண்டியது கூரையின் விலையை அல்ல, அந்த நிழலின் ஆயுள் முழுமைக்குமான செலவை. கீழே சொல்வதெல்லாம் இந்த ஒன்றைச் சுற்றித்தான்.

முதலில், விண்ணப்பத்தில் எதைத் தயங்காமல் சொல்லலாம் என்று பார்ப்போம். சூரியக் கதிர்வீச்சு மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 1992-லேயே முதல் வகுப்பில் வைத்துவிட்டது. புற ஊதாக் குறியீடு, அதாவது யூ.வி. இண்டெக்ஸ், 3-ஐத் தொட்டாலே பாதுகாப்பு தேவை. 8 முதல் 10 வரை மிக அதிகம், 11-ம் அதற்கு மேலும் தீவிரம். நாள் முழுக்க விழும் புற ஊதாவில் ஏறத்தாழ 60 சதவீதம் முற்பகல் 10 மணிக்கும் பிற்பகல் 2 மணிக்கும் இடையில் விழுகிறது. இந்த நேரத்தைக் கடிகாரத்தின் 12 மணியை நடுவாக வைத்துக் கணக்கிடாமல், உங்கள் ஊரில் சூரியன் உச்சிக்கு வரும் நேரத்தை நடுவாக வையுங்கள். சில இடங்களில் அது ஒரு மணி நேரம்கூடத் தள்ளிப் போகும். மெல்லிய மேகம் புற ஊதாவைப் பெரிதாகத் தடுக்காது. கடல் மட்டத்திலிருந்து ஒவ்வோர் ஆயிரம் மீட்டர் ஏறும்போதும் அளவு சுமார் 10 சதவீதம் கூடும். கண்புரைக்கும் புற ஊதாவுக்கும் உள்ள தொடர்பும் நிறுவப்பட்டதே.

நிழல் போட்டால் மக்கள் பயன்படுத்துவார்களா என்று பணம் கொடுப்பவர் கட்டாயம் கேட்பார். இதற்கு நல்ல பதில் இருக்கிறது. ஆஸ்திரேலியாவின் மெல்போர்னில் 51 உயர்நிலைப் பள்ளிகளை எடுத்துக்கொண்டு, குலுக்கல் முறையில் ஒரு பகுதிக்கு மட்டும் நிழற்பாய்கள், அதாவது கம்பங்களுக்கிடையே இழுத்துக் கட்டும் நிழல் துணிகள், கட்டி ஒப்பிட்டார்கள். வளரிளம் பருவத்தினர் அந்த இடத்தைத் தவிர்ப்பார்கள் என்ற அச்சம் பொய்த்தது; கூடுதலாகவே வந்து உட்கார்ந்தார்கள். முடிவு 2009-ல் வெளியானது. பின்னர் மெல்போர்னிலும் அமெரிக்காவின் டென்வரிலும் பொதுப் பூங்காக்களில் இதே போன்ற சோதனை நடந்து, 2017-ல் வந்த முடிவும் நிழல் போட்ட இடங்களில் பயன்பாடு கூடியதையே காட்டியது. அங்கே பார்க்கப்பட்டவை ஓடியாடும் இடங்கள் அல்ல. மக்கள் உட்காரும், நிற்கும், பேசும் இடங்கள். இதை விண்ணப்பத்தில் மறைக்காமல் எழுதுங்கள். பெற்றோர் உட்காரும் பெஞ்சுக்கு நிழல் கேட்கிறீர்கள் என்றால் இந்தச் சான்று நேரடியாகப் பொருந்தும். கால்பந்துத் திடலுக்குக் கேட்கிறீர்கள் என்றால் பொருந்தாது.

இனி, சொல்லக் கூடாதவை. "இந்தக் கூரையால் நம் பகுதியில் தோல் புற்றுநோய் இத்தனை சதவீதம் குறையும்" என்று எந்த விண்ணப்பத்திலும் எழுத வேண்டாம். பாதிப்பு பல பத்தாண்டுகள் கழித்து வெளிப்படும் நோய் அது. ஒரு பூங்காவின் கூரையை ஒரு ஊரின் புற்றுநோய் எண்ணிக்கையோடு யாராலும் நேர்மையாக இணைக்க முடியாது. விவரம் தெரிந்த மதிப்பீட்டாளர் அந்த ஒரு வரியைப் பார்த்ததும் மற்ற எண்களையும் சந்தேகிப்பார். இன்னொன்றும் உண்டு. கருமையான தோலில் தோல் புற்றுநோய் அரிது. வரும் சிலவும் உள்ளங்கால், நகம் போன்ற வெயில் படாத இடங்களில் வருவது அதிகம். அந்தப் பூங்காவுக்கு வருபவர்களில் பெரும்பாலோர் கருமையான தோல் உடையவர்கள் என்றால், புற்றுநோயை முன்னிறுத்தும் விண்ணப்பம் பலவீனமானது. அங்கே வெப்ப அயர்ச்சி, சுடும் சறுக்குமரம், கண் பாதுகாப்பு, பகலில் பூங்கா காலியாகக் கிடப்பது ஆகியவையே உங்கள் வலுவான காரணங்கள். இவற்றில் சறுக்குமரத்தின் சூடும் பூங்கா காலியாகக் கிடப்பதும் நேரில் அளந்து காட்டக்கூடியவை.

தேவையை அளக்கும் வேலைக்கு வருவோம். துணியின் விளம்பரத்தில் யூ.பி.எஃப். 50 என்று இருக்கும். துணிமேல் விழும் புற ஊதாவில் ஐம்பதில் ஒரு பங்கு, அதாவது 2 சதவீதம் மட்டும் ஊடுருவும் என்பது அதன் பொருள். அது துணிக்கான எண். அதன் கீழே உட்கார்ந்திருப்பவருக்கான எண் அல்ல. புற ஊதா வானம் முழுவதும் சிதறி வருகிறது. தெளிந்த வானத்திலும் தரைக்கு வரும் புற ஊதாவில் பாதியளவு சிதறிய ஒளியாக இருக்கக்கூடும். அப்படியொரு நேரத்தில் உங்கள் கூரை நேர்வெயிலை முழுக்க மறைத்து, சிதறிய ஒளி வரும் வானத்தில் பாதியை மட்டும் மறைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கீழே இருப்பவருக்கு மொத்தத்தில் கால் பங்கு வந்து சேரும். பாதுகாப்பு 50 மடங்கு அல்ல, 4 மடங்கு. இது விளக்கத்துக்கான கணக்குதான்; ஆனாலும் ஒல்லியான, உயரமான, நான்கு பக்கமும் திறந்த கூரைகள் ஏன் ஏமாற்றுகின்றன என்பது இதில் தெரிந்துவிடும். அதே பணத்தில் மூன்று சிறு கூரைகள் போடுவதைவிட ஒரு பெரிய கூரை போடுவது மேல். வெயில் சாயும் பக்கத்தில் புதர்வேலியோ தட்டியோ வைத்தால் செலவு குறைவு, பலன் அதிகம். தரையையும் பாருங்கள். காய்ந்த கடற்கரை மணல் புற ஊதாவில் சுமார் 15 சதவீதத்தைத் திருப்பி அனுப்பும். புல் 10 சதவீதத்துக்கும் குறைவாக. வெளிர் நிறத் தளம் போட்டுவிட்டு அதன்மேல் கூரை போடுவது ஒரு கையால் கொடுத்து மறு கையால் பிடுங்குவது போல.

நிழல் எங்கே விழும் என்பதற்கு ஒரே ஒரு சூத்திரம் போதும்: கூரையின் உயரத்தைச் சூரியனின் ஏறுகோணத்தின் (அடிவானத்திலிருந்து சூரியன் ஏறியிருக்கும் கோணம்) டேன் மதிப்பால் வகுத்தால், நிழல் எவ்வளவு தள்ளி விழும் என்று கிடைக்கும். மூன்று மீட்டர் உயரக் கூரைக்குச் சூரியன் 60 டிகிரியில் இருந்தால் நிழல் 1.7 மீட்டர் தள்ளும். 45 டிகிரியில் 3 மீட்டர். 30 டிகிரியில் 5.2 மீட்டர். ஆறு மீட்டர் சதுரக் கூரையின் நிழல், ஒரு பக்கமாகச் சாய்ந்த 45 டிகிரி வெயிலில், பாதி வெளியே போய்விடுகிறது. உச்சி நேரத்து ஏறுகோணம் வேண்டுமென்றால், உங்கள் அட்சரேகைக்கும் அன்றைய சூரியச் சாய்வுக்கும் (அன்று உச்சியில் சூரியன் நேர் தலைக்குமேல் வரும் அட்சரேகை) உள்ள வித்தியாசத்தை 90-லிருந்து கழியுங்கள். சாய்வு ஜூன் கடைசியில் வடக்கே 23.4, டிசம்பர் கடைசியில் தெற்கே 23.4. ஒன்று வடக்கே, மற்றது தெற்கே என்றால் இரண்டையும் கூட்டினால்தான் வித்தியாசம் வரும். வட அட்சரேகை 10 டிகிரியில் உள்ள பூங்காவில் டிசம்பரில் உச்சிவெயில் 56.6 டிகிரி, நிழல் வடக்கே 2 மீட்டர் தள்ளும். ஜூனில் சூரியன் தலைக்கு வடக்கே போய்விடுவதால் நிழல் தெற்கே 0.7 மீட்டர் தள்ளும். வெப்பமண்டலத்துக்கு வெளியே வடபகுதியில் வரையப்பட்ட மாதிரி வரைபடத்தை அப்படியே இங்கே எடுத்துப் போட்டால், ஆண்டின் சில மாதங்கள் நிழல் எதிர்ப் பக்கத்தில் விழும். அட்சரேகை 35-ல் டிசம்பர் உச்சியில் ஏறத்தாழ 5 மீட்டர் வடக்கே தள்ளும். ஆனால் அங்கே அந்த மாதத்தில் வெயில் வேண்டும் என்று மக்கள் வெளியே வருவார்கள், ஆக அதைத் துரத்த வேண்டியதில்லை.

தாளில் கணக்கிட்டதை நிலத்தில் சரிபார்ப்பது எளிது. மூன்று மீட்டர் கம்பு ஒன்றைக் கூரையின் மூலை வரப்போகும் இடத்தில் செங்குத்தாகப் பிடித்து, 10, 12, 2, 4 மணிக்கு அதன் நுனியின் நிழலைச் சுண்ணாம்பால் குறியுங்கள். நான்கு மூலைக்கும் செய்தால் அன்றைய நிழலின் எல்லை தரையில் தெரியும். கூரையின் விளிம்பு, காக்க வேண்டிய இடத்தைத் தாண்டிக் குறைந்தது ஒரு மீட்டர் நீண்டிருக்கட்டும். பிற்பகல் வெயில் வரும் மேற்குப் பக்கத்தில் அதற்கும் மேல். பிற்பகல் 3 மணி வெயிலுக்கு விளையாட்டுக் கருவிகள், பெஞ்சு, நடைபாதை, குடிநீர்க் குழாய் இவற்றில் எது முக்கியம் என்று அந்தக் குறியை வைத்துக்கொண்டே முடிவு செய்யலாம். சின்னக் குழந்தைகளின் மணற்குழியும் அவர்களோடு வருபவர்கள் உட்காரும் இடமும் முதலில் வரவேண்டும் என்பது என் கருத்து. ஒரே இடத்தில் அசையாமல் நெடுநேரம் இருப்பவர்கள் அவர்கள்தான்.

பொருளைப் பற்றிச் சுருக்கமாக. பூங்காக்களில் அதிகம் பயன்படுவது உயர் அடர்த்திப் பாலிஎத்திலீன் நூலால் பின்னிய வலைத்துணி. காற்றும் மழையும் ஓரளவு ஊடுருவும், அதனால் கீழே வெக்கை தேங்காது. பின்னல் துணி என்பதால் ஓரிடத்தில் வெட்டுப்பட்டாலும் நெய்த துணிபோல் பிரிந்துகொண்டே போகாது. நிறத்துக்கும் பின்னலின் நெருக்கத்துக்கும் தக்கபடி தடுப்புத் திறன் மாறும். ஆகவே வாங்கும் நிறத்துக்கே உரிய சோதனைச் சான்றிதழைக் கேளுங்கள், அந்த வகைத் துணிக்குப் பொதுவான ஒன்றை ஏற்காதீர்கள். பி.வி.சி. பூசிய பாலியஸ்டர் மழையையும் தடுக்கும், தடுப்பும் அதிகம். ஆனால் சரிவு போதாவிட்டால் நீர் தேங்கி, அந்த எடையில் துணி தொங்கி, தொங்கிய இடத்தில் இன்னும் நீர் சேரும். இரும்புத் தகட்டுக் கூரைக்கு ஆயுள் அதிகம், பராமரிப்பு குறைவு, எடையும் விலையும் கூட. இழுத்துக் கட்டும் பாய் என்றால் எதிரெதிர் மூலைகள் இரண்டு உயரமாகவும் மற்ற இரண்டு தாழ்வாகவும் இருக்க வேண்டும். அந்த முறுக்குதான் துணியை விறைப்பாக வைக்கும். தட்டையாகக் கட்டிய பாய் காற்றில் அடித்துக்கொண்டே இருக்கும், ஓரத்துக் கம்பிவடம் உராயும், தையல் விடும். விளிம்புகள் உள்நோக்கி வளைந்திருப்பது அழகுக்காக அல்ல, இழுவை சீராகப் பரவுவதற்காக. அந்த வளைவால் நிழலின் பரப்பு கம்பங்களுக்கு இடையிலான பரப்பைவிடக் கணிசமாகக் குறையும் என்பதைக் கணக்கில் சேர்க்க மறக்காதீர்கள். முதலில் தோற்பது பெரும்பாலும் துணி அல்ல, தையல் நூல். சாதாரண பாலியஸ்டர் நூல் வெயிலில் துணிக்கு முன்பே உதிர்ந்துவிடும். பி.டி.எஃப்.இ. (டெஃப்லான் வகை) நூல் வெயிலால் நலிவதில்லை. மொத்தச் செலவில் இந்த வித்தியாசம் மிகச் சிறியது. விலைப்புள்ளி கேட்கும்போதே நூலின் வகையைப் பெயரிட்டுக் கேளுங்கள்.

செலவில் பெரும்பகுதி மண்ணுக்குள் போகும். நன்கொடையாளருக்கு இதைப் புரியவைப்பதுதான் கடினம், எனவே எண்ணோடு சொல்லுங்கள். காற்றின் அழுத்தம், நொடிக்கு மீட்டரில் உள்ள வேகத்தின் இருமடியை 0.613-ஆல் பெருக்கினால் சதுர மீட்டருக்கு நியூட்டனில் வரும். நொடிக்கு 40 மீட்டர், அதாவது மணிக்கு 144 கிலோமீட்டர் புயல்காற்றில் அது 981 நியூட்டன். எளிதாகச் சொன்னால் சதுர மீட்டருக்கு 100 கிலோ எடை. முப்பத்தாறு சதுர மீட்டர் துணிமேல் அது 3.6 டன். துணியின் துளைகளுக்கும் வடிவத்துக்கும் ஏற்ப உண்மையான விசை மாறும், ஆனால் அளவு இந்த வரிசையில்தான் இருக்கும். அந்த விசை நான்கு கம்பங்களைப் பக்கவாட்டில் இழுக்கிறது, சில திசைகளில் மேல்நோக்கியும் தூக்குகிறது. மூன்று மீட்டர் உயரத்தில் ஒரு டன் இழுத்தால், கம்பத்தின் அடியில் 3 டன்-மீட்டர் திருப்புவிசை. அதைத் தாங்குவது கான்கிரீட்டின் எடையும் அதைச் சுற்றியுள்ள மண்ணின் பிடிப்பும். ஈரக் களிமண்ணும் நிரப்பிய மண்ணும் பிடிக்காது, குழி பெரிதாகும். ஆகவே மண் பரிசோதனைக்கும் கட்டமைப்புப் பொறியாளரின் வரைபடத்துக்கும் உரிய தொகையைத் தவிர்க்க வழியே இல்லை. குழியின் ஆழத்தையும் கம்பத்தின் தடிமனையும் இப்படி எழுத்தில் யாரும் சொல்லிவிட முடியாது. உங்கள் இடத்தின் காற்றுவேக மண்டலத்தையும் மண்ணையும் பார்த்து, உள்ளூர் விதிப்படி பொறுப்பேற்றுக் கையெழுத்திடுபவர் சொல்ல வேண்டியது அது. பழைய கட்டடச் சுவரில் கொக்கி அடித்துப் பாயின் ஒரு மூலையைக் கட்டலாம் என்று யாராவது செலவு குறைப்பு யோசனை சொன்னால், அந்தச் சுவர் இந்த இழுவையைத் தாங்கும் என்று பொறியாளர் எழுதித் தந்த பிறகே அதை ஏற்றுக்கொள்ளுங்கள்.

கம்பம் எங்கே வரக் கூடாது என்பதும் செலவைத் தீர்மானிக்கும். ஊஞ்சல், சறுக்குமரம் போன்றவற்றைச் சுற்றி விழுமிடம் என்று விடப்படும் காலி இடத்துக்குள் கம்பம் நிற்கக் கூடாது. அந்தந்த நாட்டின் விதியைப் பொறுத்து அது குறைந்தது 1.5 முதல் 1.8 மீட்டர், ஊஞ்சலுக்கு முன்னும் பின்னும் இன்னும் அதிகம். இதனால் கம்பங்களுக்கு இடையிலான தூரம் கூடும், தூரம் கூடினால் இரும்பும் கான்கிரீட்டும் கூடும். மண்ணுக்கடியில் தண்ணீர்க் குழாய், மின்கம்பி, கழிவுநீர்க் குழாய் எங்கே போகின்றன என்ற வரைபடத்தைத் தோண்டுவதற்கு முன் அல்ல, விலைப்புள்ளிக்கு முன்பே வாங்குங்கள். கம்பத்தை ஒட்டிக் குப்பைத்தொட்டியோ பெஞ்சோ வைத்தால் சிறுவர்கள் அதன்மேல் ஏறிப் பாயின்மேல் போவார்கள். அடுப்பு மூட்ட அனுமதியுள்ள இடத்துக்கு மேலே துணிக்கூரை வேண்டவே வேண்டாம்.

இப்போது தொகை. பட்டியலில் இருக்க வேண்டியவை: அளவெடுப்பும் மண் பரிசோதனையும், வரைபடமும் பொறியாளர் சான்றும், அனுமதிக் கட்டணம், ஜிங்க் முலாம் இட்ட இரும்புக் கம்பங்கள், அடித்தளம், துணியும் ஓரக் கம்பிவடமும், துருப்பிடிக்காத எஃகு ஷாக்கிளும் (மூலையை மாட்டும் வளையம்) டர்ன்பக்கிளும் (துணியை இறுக்கும் திருகு), கிரேன், வேலை நடக்கும் நாட்களில் வேலியும் காப்பீடும், தோண்டிய தரையைப் பழையபடி ஆக்குவது, அறிவிப்புப் பலகை, வரி. கடைசி மூன்றை எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். இவற்றின்மேல் எதிர்பாராச் செலவுக்கு 10 முதல் 15 சதவீதம். மண்ணுக்குள் பாறையோ பழைய அடித்தளமோ கிடைத்தால் அந்தத் தொகைதான் வேலையைக் காப்பாற்றும். இதோடு முடியவில்லை. துணி நிரந்தரமல்ல, நல்ல வலைத்துணிக்கு உற்பத்தியாளர்கள் 10 ஆண்டு அளவில் உத்தரவாதம் தருகிறார்கள், இரும்புச் சட்டகம் அதைப்போல் இரண்டு மடங்கும் அதற்கு மேலும் நிற்கும். ஆக, ஒரு சட்டகத்தின் ஆயுளில் குறைந்தது ஒருமுறை துணியை மாற்ற வேண்டும். மொத்தச் செலவு 100 பங்கு, அதில் துணியும் இணைப்புகளும் 24 பங்கு, ஆயுள் 12 ஆண்டு என்று வையுங்கள்; ஆண்டுக்கு 2 பங்கு தனிக் கணக்கில் சேர வேண்டும். ஆண்டுச் சோதனைக்கு இன்னும் ஒரு பங்கு. இருபத்தைந்து ஆண்டுக்கு நிழல் கேட்பவர், 100 பங்கோடு ஆண்டுதோறும் 3 பங்கு எங்கிருந்து வரும் என்பதையும் அதே தாளில் எழுத வேண்டும்.

இந்தப் பிரிவினை கையில் இருந்தால் யாரிடம் எதைக் கேட்பது என்பது தெளிவாகிவிடும். உள்ளாட்சி பணமில்லை என்று சொன்னால், பெரும்பாலும் அது புதிய மூலதனத் திட்டத்துக்கு இல்லை என்று பொருள். பராமரிப்பு ஒதுக்கீடு என்பது வேறு தலைப்பு. எனவே அவர்களிடம் நிலத்துக்கான அனுமதிக் கடிதம், நிலத்தடி வரைபடம், கட்டண விலக்கு, முடிந்தபின் சொத்துப் பதிவேட்டில் சேர்த்து ஆண்டுச் சோதனை செய்யும் எழுத்துபூர்வப் பொறுப்பு ஆகியவற்றைக் கேளுங்கள். அவர்கள் அந்தப் பூங்காவைப் புதுப்பிக்கத் திட்டமிட்டிருந்தால் அதோடு சேர்ப்பதே மிக மலிவு. கூரையை இப்போது போட முடியாவிட்டாலும், தரையைத் தோண்டும் அந்த ஒரு சந்தர்ப்பத்தில் அடித்தளத்தையும் போல்ட்டுகளையும் பதித்துவிட்டால் பின்னால் கம்பமும் துணியும் எளிதாக வரும். லயன்ஸ், ரோட்டரி போன்ற சேவை அமைப்புகளும் நிறுவனங்களும் கண்ணுக்குத் தெரியும் பொருளுக்கே பணம் தர விரும்புவார்கள். கம்பமும் துணியும் அவர்களுக்கு. பொறியாளர் கட்டணத்துக்கு நன்கொடையாளர் எளிதில் கிடைக்கமாட்டார். அது சிறிய தொகை, அதை அக்கம்பக்கத்து மக்களிடமே திரட்டுங்கள். வரைபடமும் மூன்று விலைப்புள்ளியும் கையில் உள்ள குழுவுக்கும், ஆசையை மட்டும் எழுதிய குழுவுக்கும் மதிப்பீட்டாளர் பார்வையில் உள்ள இடைவெளி மிகப் பெரியது.

வெயில் பாதுகாப்புக்கென்றே உள்ள மானியங்களும் சில நாடுகளில் உண்டு. அமெரிக்கத் தோல்நோய் மருத்துவ அகாடமி நிழற்கூரைக்கென ஒரு மானியத் திட்டம் நடத்தி வந்திருக்கிறது. அரசுப் பள்ளிகளுக்கும் லாப நோக்கற்ற அமைப்புகளுக்கும் உரியது, நிரந்தரக் கூரைக்கு மட்டும். ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநில அரசும் பள்ளிகளுக்கும் சமூக அமைப்புகளுக்கும் நிழல் மானியம் கொடுத்திருக்கிறது. தொகையும் விதியும் சுற்றுக்குச் சுற்று மாறுபவை, ஆகவே அந்தந்த ஆண்டு அறிவிப்பை நேரடியாகப் பார்த்துதான் நம்ப வேண்டும். இத்தகைய திட்டங்கள் அடிக்கடி கேட்கும் இரண்டு விஷயங்களை முன்பே தயார் செய்யலாம்: ஒரு தோல்நோய் மருத்துவரின் ஆதரவுக் கடிதம், தொப்பி, களிம்பு, நேர மாற்றம் என்று உங்கள் அமைப்பு ஏற்கெனவே வெயில் பாதுகாப்புக்கு ஏதாவது செய்து வருகிறது என்பதற்கான ஆவணம். இவை இல்லாத நாட்டில் வெப்ப நடவடிக்கைத் திட்டம், காலநிலைத் தகவமைப்பு, மரம் நடுதல், குழந்தைகள் நலம், முதியோர் நலம் என்ற தலைப்புகளில் தேடுங்கள். நிழல் என்ற சொல்லே அறிவிப்பில் இல்லாவிட்டாலும் பொருந்தக்கூடும்.

பணம் கிடைக்கும் வழியைவிட அது வந்து சேரும் முறையில்தான் பல குழுக்கள் விழுகின்றன. சில மானியங்கள் வேலை முடிந்து ரசீது காட்டிய பிறகே பணம் தரும்; அதுவரை ஒப்பந்தக்காரருக்கு யார் கொடுப்பது? விலைப்புள்ளி இரண்டு மூன்று மாதத்துக்குச் செல்லும், மானிய முடிவு வர ஆறு மாதம் ஆகலாம், இடையில் இரும்பு விலை ஏறும். ஆகவே விலைப்புள்ளி எத்தனை நாள் செல்லும் என்று எழுதி வாங்கி, ஏற்றத்துக்கு ஒரு வரி சேர்த்துவிடுங்கள். "உங்கள் பங்கு எவ்வளவு" என்று கேட்கும் இடத்தில் தன்னார்வ உழைப்பையும் இலவசமாகக் கிடைத்த தொழில்முறைச் சேவையையும் பணமதிப்பாகக் காட்ட விதி இடம் தருகிறதா என்று பாருங்கள். மூன்று ஒப்பந்தக்காரர்களிடமும் ஒரே விவரக்குறிப்பைக் கொடுத்துக் கேளுங்கள். ஒருவர் நூலையும் மற்றவர் அடித்தளத்தையும் குறைத்துத் தந்த விலைகளை ஒப்பிடுவதில் பொருளில்லை. முழுத்தொகையையும் கொடுத்துவிடாமல் 5 முதல் 10 சதவீதத்தை முதல் மழைக்காலமோ புயல்காலமோ கடக்கும் வரை நிறுத்திவைக்க ஒப்பந்தத்தில் இடம் வைக்கலாம். புதுத் துணி முதல் சில மாதங்களில் சற்றே நெகிழும். ஒருமுறை மீண்டும் இறுக்கித் தருவது அவர்கள் பொறுப்பு என்பதும் அதிலேயே இருக்கட்டும்.

விண்ணப்பத்தின் வலு அளவீட்டில் இருக்கிறது, அதற்குச் செலவே இல்லை. இரண்டு வாரம், வார நாளும் விடுமுறை நாளுமாக, 10, 12, 2, 4 மணிக்கு எத்தனை பேர் எங்கே இருக்கிறார்கள் என்று எண்ணுங்கள். அதே நேரத்தில் ஒரே இடத்தில் நின்று படம் எடுங்கள். அகச்சிவப்பு வெப்பமானியால் சறுக்குமரம், ரப்பர் தரை, பெஞ்சு இவற்றின் வெப்பத்தை வெயிலிலும், பக்கத்தில் மர நிழல் இருந்தால் அங்கேயும் அளந்து எழுதுங்கள். பளபளக்கும் உலோகத்தில் அந்தக் கருவி குறைத்துக் காட்டும். அதில் ஒரு துண்டு மங்கலான நாடாவை ஒட்டிச் சற்று நேரம் விட்டு அதன்மேல் அளக்க வேண்டும். வானிலைத் துறை வெளியிடும் அன்றைய யூ.வி. குறியீட்டையும் பக்கத்தில் சேருங்கள். "பகல் 2 மணிக்கு 14 நாளில் 11 நாள் ஒருவர்கூட இல்லை, அந்த நேரத்தில் தரை இவ்வளவு சூடு" என்பது போன்ற ஒரு வாக்கியம் நான்கு பக்கக் கட்டுரையைவிட அதிகம் பேசும். கூரை வந்த அடுத்த ஆண்டு அதே மாதத்தில், அதே முறையில் மீண்டும் எண்ணித் தருவோம் என்று வாக்குக் கொடுங்கள். எதை வாக்களிக்கலாம்? 10 முதல் 3 மணி வரை இத்தனை இருக்கைகள் நிழலில் இருக்கும், பயன்பாடு அளக்கப்பட்டு அறிவிக்கப்படும், துணி மாற்ற நிதி இந்தக் கணக்கில் சேரும். இவை மூன்றும் உங்கள் கையில் உள்ளவை.

மரத்தை மறந்து கூரை கேட்க வேண்டாம். படர்ந்த மரத்தின் கீழ் வெப்பம் குறைவது துணியின் கீழ் குறைவதைவிடப் பெரும்பாலும் அதிகம், இலை நீராவியை விடுவதால். நடும் மரம் போதிய நிழல் தரப் பத்து, பதினைந்து ஆண்டு ஆகும். துணியின் ஆயுளும் ஏறத்தாழ அதுதான். கூரைக்கு மேற்கேயும், நிழல் தள்ளிப் போகும் பக்கத்திலும் இப்போதே மரம் நட்டு, முதல் மூன்று ஆண்டுத் தண்ணீருக்கான பொறுப்பையும் எழுதிவிட்டால், துணி மாற்றும் வேளை வரும்போது சிறிய துணி போதுமா என்று யோசிக்கும் நிலை வரலாம். வேர் அடித்தளத்தையும் கிளை துணியையும் தொடாத தூரத்தில் நட வேண்டும்; துணிமேல் உராயும் ஒரு கிளை ஒரே பருவத்தில் அதைக் கிழிக்கும்.

கேட்டதைவிடக் குறைவாகக் கிடைத்தால் என்ன செய்வது என்பதையும் விண்ணப்பம் போடும் முன்பே தீர்மானித்துக்கொள்ளுங்கள். குறைக்க வேண்டிய வேளையில் ஒப்பந்தக்காரர் முதலில் கை வைப்பது அடித்தளம், முலாம், நூல் ஆகியவற்றில். அவற்றைக் குறைக்க ஒப்புக்கொள்ளாதீர்கள். இரண்டு பாய்க்கு வரைந்திருந்தால் ஒன்றை முழுத் தரத்தில் மணற்குழிக்கும் பெஞ்சுக்கும் மேல் போடுங்கள். இரண்டாவதற்கான அடித்தளத்தை மட்டும் பதித்து, போல்ட்டுகளுக்கு மூடி போட்டுத் தரை மட்டத்துக்குக் கீழே விட்டுவையுங்கள். அடுத்த ஆண்டு விண்ணப்பத்தில் அந்த மூடிகளின் படத்தையும், முதல் கூரையின் கீழே எண்ணிய தலைகளையும் சேர்த்து அனுப்பலாம்.